இருவருக்கும் நடுவே போய்வந்தவர்

(வானொலி மறையுரை. சனவரி 1: அன்னை மரியா இறைவனின் தாய் பெருவிழா, உலக அமைதி நாள்)

வாசகங்கள்: எண்ணிக்கை 6:22-27, கலாத்தியர் 4:4-7, லூக்கா 2:16-21



ஆண்டின் முதல் நாளைத் திருஅவை அன்னை மரியாவின் கையில் ஒப்படைக்கிறது. 1968 முதல் இதே நாளை உலக அமைதி நாளாகவும் கொண்டாடுகிறோம். அதைத் தொடங்கி வைத்தவர் திருத்தந்தை ஆறாம் பவுல். இன்றைய முதல் வாசகத்தில் ஆரோனும் அவர் புதல்வர்களும் மக்களுக்கு எப்படி ஆசி வழங்க வேண்டும் என்று கடவுள் மோசேக்குக் கற்றுக்கொடுக்கிறார். அந்த ஆசியின் கடைசிச் சொல்லைக் கவனித்தீர்களா? அமைதி. காப்பதும், முகம் ஒளிர்வதும், அருள் பொழிவதும் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து முடிகின்றன.

சில வாரங்களுக்கு முன் ஓர் அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். விசுவாசிகள் மன்றாட்டில் உலக நாடுகளின் அமைதிக்காக ஒருவர் செபித்தார். செபம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, ரெண்டு நாடு சண்டை போடுது. நாமளும் செபிக்கிறோம், பாப்பரசரும் அறிக்கை விடுறாரு. ஆனா அவருகிட்ட படை இருக்கா, பெட்ரோல் இருக்கா, பணம் இருக்கா? அவரு சொன்னா யாரு கேக்கப்போறா?"

நல்ல கேள்வி. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் சொன்னது உண்மை. வத்திக்கான் நகரின் பரப்பு 44 எக்டேர். நம் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய தோப்பு அவ்வளவு இருக்கும். அங்கே இருக்கும் சுவிஸ் காவலர்கள் எந்த நாட்டின்மேலும் படையெடுக்க முடியாது. இருந்தும் 180க்கும் மேற்பட்ட நாடுகள் திருப்பீடத்தோடு தூதரக உறவு வைத்திருக்கின்றன. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், நம் இந்தியாவும் அந்த உறவை ஏற்படுத்திக்கொண்டது. 1964 முதல் ஐக்கிய நாடுகள் அவையில் திருப்பீடத்துக்கு நிரந்தரப் பார்வையாளர் இடம் உண்டு. எல்லா மதத்து நாடுகளும், மதமே வேண்டாம் என்ற நாடுகளும்கூட, இந்தச் சின்ன இடத்தோடு ஏன் பேச விரும்புகின்றன? அதை விளக்க உங்களை வெகு தொலைவுக்கு, உலக வரைபடத்தின் அடிக்கோடிக்கு அழைத்துப் போகிறேன்.

தென் அமெரிக்காவின் வரைபடத்தைப் பாருங்கள். கண்டம் தெற்கே போகப்போக ஒடுங்கி வால்போல் முடியும். அந்த வால் நுனியில் பீகிள் என்று ஒரு நீரிணை. அதன் கிழக்கு வாயில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று சிறு தீவுகள். கடுங்குளிர், ஓயாத காற்று, மிகச் சிலரே வாழும் நிலம். ஒருபக்கம் அர்ஜென்டீனா, மறுபக்கம் சிலி. இரண்டு நாடுகளுக்கும் நடுவில் 5,000 கிலோமீட்டருக்கும் நீண்ட எல்லை. 1881இல் உடன்படிக்கை போட்டு எல்லையை வகுத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த மூன்று தீவுகளும் யாருக்கு என்பதில் வழக்கு ஓயவில்லை.

இரண்டும் கத்தோலிக்க நாடுகள். ஒரே மொழி. ஒரே நற்செய்தி. 1904ஆம் ஆண்டு, வேறோர் எல்லைத் தகராறு போரின் விளிம்புவரை போய்த் தீர்ந்ததற்கு நன்றியாக, ஆந்திஸ் மலைமேல், 3,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இரு நாடுகளின் எல்லையிலேயே மீட்பராகிய கிறிஸ்துவின் பெரிய வெண்கலச் சிலையை நிறுவினார்கள். ஒரு கையில் சிலுவையைப் பிடித்து, மறு கையை ஆசி வழங்க உயர்த்தி நிற்கிறார் அவர். அந்தக் கிறிஸ்துவின் காலடியில் அமைதி காப்போம் என்று இரு நாட்டாரும் வாக்களித்தார்கள்.

எழுபது ஆண்டு கழித்து அந்த வாக்கு சோதனைக்கு வந்தது. 1971இல் தீவு வழக்கை நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்க இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசியின் பெயரால் நடந்த அந்த மன்றத்தில் பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐந்து பேர் அமர்ந்தார்கள். ஆவணங்களையும் பழைய வரைபடங்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1977இல் தீர்ப்பு வந்தது. மூன்று தீவுகளும் சிலிக்கே சொந்தம் என்றது தீர்ப்பு. 1978 சனவரியில் அர்ஜென்டீனா, இந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். வழக்கு நடந்தது, தீர்ப்பும் வந்தது, ஆனால் அமைதி வரவில்லை. நேருக்கு நேர் பேசிப் பார்த்தார்கள், அதுவும் முறிந்தது. ஏன்? தீவுகள் யாருக்கு என்பது மேலே தெரிந்த கேள்வி. அடியில் இருந்த கேள்வி வேறு. தீவு யார் கையிலோ, அதைச் சுற்றியுள்ள கடலும் அவர் கையில். சிலி அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் வந்துவிடுமே என்ற அச்சம் அர்ஜென்டீனாவுக்கு. சட்டப்படி கிடைத்ததைப் பலத்தைக் காட்டிப் பறிக்கப் பார்க்கிறார்களே என்ற கொதிப்பு சிலிக்கு. அச்சத்துக்கும் கொதிப்புக்கும் எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்பு எழுத முடியாது.

1978 டிசம்பர். அர்ஜென்டீனாவின் போர்க்கப்பல்கள் தெற்கே சென்றன. சிலியின் கப்பல்கள் எதிரே வந்தன. எல்லையில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் தன் எல்லைகளில் புதைத்த கண்ணிவெடிகளைச் சிலி நாடு முழுவதுமாக அகற்றி முடித்தது 2020இல்தான். கோபத்தில் ஒரு வாரத்தில் புதைப்பதைத் தோண்டி எடுக்க ஒரு தலைமுறை போதாது. நம் வீடுகளிலும் அப்படித்தானே!

டிசம்பர் 22 அன்று தீவுகளில் படையிறக்குவது என்று அர்ஜென்டீனத் தளபதிகள் திட்டமிட்டிருந்தார்கள். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இரு பக்கமும் கப்பலில் நின்ற இளைஞர்களில் பெரும்பாலோர் திருமுழுக்குப் பெற்றவர்கள். இரு பக்கமும் ஒரே அன்னையின் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். பெத்லகேமுக்கு விரைந்த இடையர்களைப்பற்றிய அதே நற்செய்தியைக் கேட்க வேண்டிய பிள்ளைகள், ஒருவரை ஒருவர் சுட ஆணைக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த ஆண்டு திருஅவைக்கும் பெரும் சோதனை ஆண்டு. ஆகஸ்டில் ஆறாம் பவுல் இறந்தார். அவருக்குப்பின் வந்த முதலாம் யோவான் பவுல் முப்பத்து மூன்று நாள்களே திருத்தந்தையாக இருந்தார். அந்தக் குறுகிய நாள்களிலும், செப்டம்பர் 20 அன்று, இரு நாட்டு ஆயர்களுக்கும் அமைதிக்காக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அக்டோபரில் போலந்து நாட்டிலிருந்து இரண்டாம் யோவான் பவுல் வந்தார். பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் இரு அரசுகளுக்கும் சொல்லி அனுப்பினார்: உங்கள் இருவர் பேச்சையும் கேட்க என் ஆளை அனுப்புகிறேன், ஏற்றுக்கொள்வீர்களா? இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் படையிறக்கம் நிறுத்தப்பட்டது. அன்று கடலில் வீசிய கடும் புயலும் கப்பல்களைத் தாமதப்படுத்தியது என்று சொல்வார்கள். கடலையும் காற்றையும் அடக்கியவரின் கையில் எதுவும் வீணாவதில்லை.

யாரை அனுப்பினார் தெரியுமா? கர்தினால் அந்தோணியோ சமோரே. அப்போது அவருக்கு வயது 73. வத்திக்கான் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் பொறுப்பாளர். முன்பு கொலம்பியாவில் திருத்தந்தையின் தூதராக இருந்தவர். அந்தக் கண்டத்து மக்களின் மொழியும் மனமும் தெரிந்தவர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், டிசம்பர் 26 அன்று, புவெனஸ் ஐரிஸ் நகரில் போய் இறங்கினார்.

அதன்பின் அவர் செய்தது என்ன? புவெனஸ் ஐரிஸில் இவர்கள் சொல்வதைக் கேட்டார். விமானம் ஏறி மலைகளைத் தாண்டிச் சாந்தியாகோ போய் அவர்கள் சொல்வதைக் கேட்டார். மறுபடியும் இங்கே. மறுபடியும் அங்கே. வழியில் பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டபோது, சுரங்கத்தின் கோடியில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது என்று சொன்னார். பெரிய வெளிச்சம் என்று சொல்லவில்லை. இல்லாததைச் சொல்லவும் இல்லை, இருக்கிற சின்னதை மறைக்கவும் இல்லை. 1979ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில், இதே பெருவிழா நாளில், நாம் இங்கே திருப்பலியில் அமைதிக்காக மன்றாடிக்கொண்டிருந்தபோது, அந்த முதியவர் அந்தப் பணியில்தான் இருந்தார். நம் மன்றாட்டுக்கும் அவர் நடைக்கும் தொடர்பில்லை என்று யார் சொல்ல முடியும்?

1979 சனவரி 8 அன்று, உருகுவே நாட்டின் மொண்டேவீடியோ நகரில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கையெழுத்திட்டார்கள். தீவு யாருக்கு என்று அதில் முடிவு செய்யவில்லை. மூன்றே காரியங்கள். திருத்தந்தையை நடுவராக இருக்கும்படி கேட்டுக்கொள்வோம். பலத்தைப் பயன்படுத்த மாட்டோம். படைகளைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புவோம். அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு இரு நாட்டிலும் எத்தனை தாய்மார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

அன்பார்ந்தவர்களே, இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உண்மையான வேலை இதன்பிறகுதான். உரோமையில் சமோரேயின் முன்னால் இரு நாட்டுக் குழுக்களும் உட்கார்ந்தன.  தனித்தனியே அழைத்துக் கேட்டார்கள். எதில் ஒத்துப்போகிறார்கள் என்று சின்னச் சின்னதாகச் சேர்த்தார்கள். 1980 டிசம்பரில் திருத்தந்தை தம் யோசனையை இருவர் கையிலும் கொடுத்தார். சிலி ஏற்றுக்கொண்டது. அர்ஜென்டீனா ஏற்கவில்லை. எல்லையில் கைதுகள் நடந்தன; ஒரு கட்டத்தில் எல்லையே மூடப்பட்டது. 1982இல் அர்ஜென்டீனா வேறொரு பக்கம், பிரிட்டனோடு, மால்வினாஸ் என்ற பாக்லாந்து தீவுகளுக்காகப் போருக்குப் போய்த் தோற்றது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். அந்தப் போர் நாள்களில் திருத்தந்தை முதலில் பிரிட்டனுக்கும், சில நாள்களில் அர்ஜென்டீனாவுக்கும் நேரில் சென்றார். இரு பக்கத்துத் தாய்மாரின் கண்ணீரும் அவருக்கு ஒரே கண்ணீர்.

நான்கு ஆண்டுகள் ஆயின. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 1983 பிப்ரவரியில் கர்தினால் சமோரே இறந்துபோனார். அவர் கண்மூடும்போது உடன்படிக்கை இல்லை. கையெழுத்து இல்லை. உலகக் கணக்கில் அது முடியாத வேலை. வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்துவிட்டு இறந்த மோசேயைப்போல் அவரும் போனார்.

அந்த ஆண்டின் இறுதியில் அர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி முடிந்து மக்களாட்சி வந்தது. புதிய குடியரசுத் தலைவர் ரவுல் அல்போன்சின் இதை மக்களிடமே கேட்டுவிடுவோம் என்றார். 1984 நவம்பர் 25 அன்று வாக்கெடுப்பு. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானோர் அமைதிக்கு ஆம் என்றார்கள். நான்கு நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, வத்திக்கானில் அமைதி மற்றும் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. அப்போதும் அர்ஜென்டீனாவின் மேலவையில் அது ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில்தான் நிறைவேறியது. தீவுகள் சிலிக்கே. ஆனால் அட்லாண்டிக் பக்கத்துக் கடலில் பெரும்பகுதி உரிமை அர்ஜென்டீனாவுக்கு. தீவைக் கேட்டவரின் அச்சம் கடலைப்பற்றியது என்று கண்டுகொண்டதால் வந்த முடிவு அது. இரு நாடுகளுக்கும் இடையே அதன்பிறகு போர் வரவில்லை. இன்று ஆந்திஸ் மலையில் இரு நாட்டு மக்களும் லாரியிலும் பேருந்திலும் கடந்துபோகும் ஒரு கணவாய்க்குப் பெயர் கர்தினால் சமோரே கணவாய். போய்வந்து கொண்டே இருந்தவருக்கு மக்கள் போய்வரும் பாதையின் பெயர்!

இப்போது என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் முதன்முறை பங்குத்தந்தையான ஊரில் அண்ணன் தம்பி இருவருக்கு நிலத் தகராறு. ஒரு பனை வரிசையும் ஒரு கிணறும் யாருடைய எல்லையில் வருகின்றன என்று வழக்கு. எனக்கு அப்போது இளம் வயது. நியாயத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். இருவரையும் பங்குத்தந்தை இல்லத்துக்கு வரச் சொல்லி, பத்திரங்களை வாங்கிப் படித்து, சர்வேயர் அளந்த அளவையும் பார்த்து, ஒரே மாலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பத்திரப்படி கிணறும் பனையும் அண்ணனுக்கு. நான் சொன்னதில் தவறில்லை. இன்றைக்குப் படித்தாலும் அதையேதான் சொல்வேன்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் திருப்பலிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு ஆண்டுகள் வரவில்லை. கிறிஸ்து பிறப்பு இரவில் அவருடைய சின்ன மகன் மட்டும் கோவில் வாசலுக்கு வெளியே, இருட்டில், குடிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டேன். ஓடிவிட்டான். அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

அந்த ஊரில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், வாரம் இருமுறை சாயங்காலம் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார ஆரம்பித்தார். கருப்பட்டிக் காப்பி குடிப்பார். மழையைப்பற்றிப் பேசுவார், பிள்ளைகளின் படிப்பைப்பற்றிப் பேசுவார். பிறகு அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போவார். நிலத்தைப்பற்றி வாயே திறக்கவில்லை. மாதங்கள் பல ஆயின. ஒருநாள் தம்பி தாமாகவே சொன்னாராம்: "கிணறு போனா போகட்டும் உபதேசியாரே. அம்மா சாகக் கெடந்தப்போ எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையே. நான் வந்து சேரும்போது பெட்டியை மூடிட்டாங்களே."

அதுதான் வழக்கு. அது எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

உபதேசியார் அந்த ஒரு வார்த்தையை அண்ணனிடம் கொண்டுபோனார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, ஆள் அனுப்பினேன், அவன் போகவில்லை, அதைத் தம்பியிடம் சொல்ல எனக்கு வீம்பு விடவில்லை என்று அழுதாராம். அந்தத் தவக்காலத்தில் அண்ணன் தம்பி வீட்டுக்குப் போனார். எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பி வயலுக்குப் பாய்ந்தது. தீவு சிலிக்கு, கடல் அர்ஜென்டீனாவுக்கு என்று பின்னாளில் நான் படித்தபோது எனக்கு அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது.

ஓட்டுநர் ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. படை இல்லாதவர் பேச்சை ஏன் கேட்டார்கள்? படை இல்லாததால்தான் கேட்டார்கள். தீவில் சமோரேக்கு ஒரு பிடி மண்கூட வேண்டியிருக்கவில்லை. கிணற்றில் உபதேசியாருக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை. தனக்கென்று ஒன்றும் வேண்டாதவரிடம்தான் மனிதர் மனதைத் திறக்கிறார். இது முதலாவது.

இரண்டாவது, கேட்பது. இருவரையும் கேட்பது, அவர்கள் வாயால் சொல்லாததையும் கேட்பது. இன்றைய நற்செய்தியில் இடையர்கள் பரபரப்பாக வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறார்கள். கேட்டவர்கள் வியக்கிறார்கள். மரியா மட்டும் எல்லாவற்றையும் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்கிறார் லூக்கா. தூதருக்கு வேண்டிய முதல் பண்பு அதுதான். கேட்டதை உடனே ஊருக்குச் சொல்லாமல், உள்ளத்தில் வைத்து, செபத்தில் புரட்டிப் பார்ப்பது. அமைதியின் அரசரைப் பெற்றவர் அமைதியாக இருந்தார்.

மூன்றாவது, விட்டுப் போகாமல் இருப்பது. ஆறு ஆண்டுகள் ஆனாலும், தாம் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தாலும், மறுபடியும் அடுத்த திண்ணைக்குப் போவது.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. முதல் உலகப் போரின் நடுவில், 1917 ஆகஸ்ட் 1 அன்று, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் போரிடும் நாடுகளுக்கெல்லாம் அமைதித் திட்டம் ஒன்றை அனுப்பினார். யாரும் ஏற்கவில்லை. 2003இல் ஈராக் போரைத் தடுக்க இரண்டாம் யோவான் பவுல் ஒரு கர்தினாலை வாஷிங்டனுக்கும் இன்னொருவரைப் பாக்தாத்துக்கும் அனுப்பினார். போர் வந்தேவிட்டது. அர்ஜென்டீனா, சிலி கதையிலும் ஒரு கசப்பான உண்மை உண்டு. 1978இல் இரு நாட்டையும் ஆண்ட இராணுவ ஆட்சிகள் சொந்த மக்களையே கடத்தின, சித்திரவதை செய்தன, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. எல்லையில் போர் நின்றதால் அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்தக் கொடுமையின் முன் திருஅவையினர் எல்லாரும் ஒரேபோல் துணிவாக நடந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. நீதி இல்லாத அமைதி பாதி அமைதிதான். இதை மறைத்துவிட்டு அமைதியைப்பற்றிப் போதிக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று சொன்னது அமைதியில் வெற்றி கண்டவர்களை அல்ல, அமைதிக்காக உழைப்பவர்களை. அப்படி உழைப்பவர்களைக் கடவுளின் மக்கள் என்று அழைப்பார்கள் என்றார். ஒருவர் நட்டதில் இன்னொருவர் அறுக்கிறார். மொசாம்பிக் நாட்டில் பதினாறு ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போர், 1992 அக்டோபர் 4 அன்று, அசிசி பிரான்சிசின் திருநாளில், உரோமையில் முடிவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக அந்தப் பேச்சை நடத்தியது சாந்த் எஜிதியோ என்ற பொதுநிலையினர் குழுமம். அந்த நடுவர்களில் ஒருவராக இருந்த இளம் குரு மத்தேயோ சூப்பி. 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ், உக்ரைன் போரின் துயரைத் தணிக்கக் கீவுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்பியது அதே சூப்பியைத்தான், இப்போது கர்தினாலாக. போரை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்காகவும் கைதிகளுக்காகவும் இரு பக்கமும் பேசும் வாசல் ஒன்று திறந்திருக்கிறது. திண்ணையில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

புத்தாண்டில் பலரும் பல தீர்மானங்கள் எடுப்போம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில், தெருவில், அன்பியத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாத இருவர் நிச்சயம் இருப்பார்கள். யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்த வாரம் அதைச் சொல்லாதீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடியுங்கள். அடுத்த வாரம் மற்றவர் வீட்டுக்குப் போங்கள். கேளுங்கள். நீங்களே அந்த இருவரில் ஒருவரானால், உங்களைத் தேடி ஒருவர் வரும்போது கதவைச் சாத்திவிடாதீர்கள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

உலக அமைதிக்காகத் திருத்தந்தை செய்யும் பணியும் நம் தெருவில் நாம் செய்யும் பணியும் வேறு வேறு அல்ல. விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே பகையை நீக்க, தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வந்தவர் ஒருவர் இருக்கிறார். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட அந்தக் குழந்தையே முதல் தூதர். நாம் அவருக்குப் பின்னால் நடப்பவர்கள்.

மன்றாடுவோம். அமைதியின் ஆண்டவரே, போர் நடக்கும் நாடுகளில் இரு பக்கமும் நிற்கும் பிள்ளைகளைக் காத்தருளும். ஆட்சியாளர்களுக்குக் கேட்கும் செவியைத் தாரும். நாடுகளுக்கு நடுவே போய்வரும் தூதர்களைச் சோர்ந்துபோகாமல் தாங்கும். எங்கள் வீடுகளில் புதைந்து கிடக்கும் பகையை நாங்களே தோண்டி எடுக்க எங்களுக்குத் துணிவைத் தாரும். இறைவனின் தாயான மரியே, எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தவரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இந்த ஆண்டு முழுவதும் ஆண்டவரின் முகம் உங்கள்மேல் ஒளிர்வதாக; அவருடைய அமைதி உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.